டிராக் வண்டிக்கு ஒரு பழைய பாடி தேடி ஆறு மாதம்

பெரியப்பாவுக்கு உக்கடத்தில் டிங்கரிங் பட்டறை இருந்தது. பள்ளி விடுமுறைக்குப் போனால், வேலைக்கு வந்திருக்கும் அம்பாசடரின் மட்கார்டை விரல் முட்டியால் தட்டிக் காட்டுவார். "கேளுடா. இது தகரம். இங்க கேளு, இது பட்டி." தகரம் டங் என்று சொல்லும், பட்டி போட்ட இடம் தொப் என்று அடங்கிவிடும். நாற்பது வருடம் கழித்து மிச்சிகனில் ஒரு வீட்டு முற்றத்தில் 1970 ஷெவர்லே நோவா கார் ஒன்றின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு நின்றபோது அதே தொப். விலை 14,500 டாலர். விற்பவர் பக்கத்திலேயே நின்றதால் முகத்தில் ஒன்றும் காட்டாமல், வீட்டு பிரிட்ஜிலிருந்து எடுத்துப் போயிருந்த மீனாட்சி அம்மன் கோயில் காந்தத்தை எடுத்து சக்கர வளைவுக்கு மேலே வைத்தேன். அது ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு போய் கீழே விழுந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் காந்த விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்ல வலுவான காந்தம் எடுத்துப் போகக் கூடாது, அது அரை விரல் பட்டிக்குள்ளிருந்தும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிரிட்ஜில் ஒட்டும் சோப்ளாங்கிக் காந்தம்தான் சரி. வெறும் பெயின்ட் என்றால் ஒட்டும், பட்டி என்றால் விழும்.

சரி, எதற்கு இந்தத் தேடல் என்று சொல்லிவிடுகிறேன். டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் கால் மைல், அதாவது 1,320 அடி. பச்சை விளக்கு விழுந்ததும் கிளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர எத்தனை நொடி, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் மைலன் டிராக்வே இருக்கிறது (எழுத்தில் மிலான், ஊர்க்காரர்கள் வாயில் மைலன்). அங்கே என் தினசரி வண்டியில் பல வருடமாக 14 நொடி, 15 நொடி என்று ஓட்டிக்கொண்டிருந்தவன், ஐம்பது வயது ஆனதும் ஒரு முடிவுக்கு வந்தேன்: 11.50 நொடியில் ஓடும் ஒரு வண்டியை என் கையால் கட்டுவது. எஞ்சின் ஏற்கெனவே கராஜ் மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றின் 5.0 லிட்டர் வி8, ஜங்க்யார்டில் 450 டாலர். கம்பெனியில் 215 எச்.பி.தான், ஹெட்டும் கேமும் மாற்றி அதோடு கொஞ்சம் நைட்ரஸ் (எஞ்சினின் பலத்தைக் கூட்ட உள்ளே செலுத்தும் வாயு) கொடுத்தால் வேலைக்கு ஆகும். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். பாடிதான் கிடைக்கவில்லை.

11.50 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி, நேரம் 11.49-க்குக் குறைந்துவிட்டால் ரோல் பார் (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய் வளைவு) கட்டாயம். 10.99 என்றால் முழுக் கூண்டு. ஆனால் அதில் ஒரு சலுகை இருக்கிறது: ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகரம்), தளம், பின்பக்க பாடி எல்லாம் கம்பெனி போட்டபடி வெட்டுப்படாமல் இருந்தால் 10.00 வரைக்கும் ரோல் பாரோடு விட்டுவிடுவார்கள், பெரிய சக்கரத்துக்காக உள் வளைவை அகலப்படுத்தியிருந்தால் மட்டும் பரவாயில்லை. 9.99-க்குள் போனால் சேஸிஸ் சான்றிதழ் வரைக்கும் வேண்டும். ஆக, ஏற்கெனவே யாரோ ரேஸ் வண்டி ஆக்குகிறேன் என்று தளத்தை அறுத்துப் போட்ட பாடியை "பாதி வேலை முடிந்தது" என்று நினைத்து வாங்கினால், அந்தச் சலுகை அப்போதே கைவிட்டுப் போய்விடுகிறது. பாதி வேலை முடிந்த வண்டிகள் என்று விற்பனைக்கு வருபவை முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன.

அடுத்தது எடை. இங்கே எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு உண்டு: ஓட்டுநரோடு சேர்த்த எடையை எச்.பி.யால் வகுத்து, அதற்குக் கனமூலம் எடுத்து, 5.825-ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். நானும் வண்டியும் சேர்ந்து 2,980 பவுண்டு என்றால் 11.50-க்கு 387 எச்.பி. போதும். அதே 3,780 பவுண்டு என்றால் 491 வேண்டும். வெறும் 800 பவுண்டு இரும்புக்காக நூறு எச்.பி. கூடுதல், அந்த நூறுக்குப் பலமான கியர்பாக்ஸ், பலமான அச்சு, பெரிய ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பெரிய வண்டிகளை எல்லாம் பட்டியலில் அடித்தேன். ஷெவெல், கேலக்ஸி, மான்ட்டே கார்லோ எல்லாம் அதில் போயின. மான்ட்டே கார்லோவை அடிக்க மட்டும் மனசு வரவில்லை. 1986 எஸ்.எஸ். ஒன்று பக்கத்து ஊரிலேயே இருந்தது, பாடிக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் (ஃபிரேம்) உள்ள வண்டி, பார்க்க அவ்வளவு மிடுக்கு. போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. மனசு சமாதானம் ஆகிவிட்டது.

துரு. மிச்சிகனில் பழைய வண்டி தேடுபவனுக்கு அதுதான் முதல் எதிரி. பனிக்காலத்தில் சாலை முழுக்க உப்பு போடுவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்த ஊர், கீழே அந்தக் காரைத் தின்னும் உப்பு. இங்கே இருபது பனிக்காலம் ஓடிய வண்டி வெளியே பளபளவென்று இருந்தாலும் அடியில் தகரம் அப்பளமாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாகப் பார்த்தது எல்லோரும் வாங்கச் சொன்ன வண்டி: 1992 முஸ்டாங் எல்.எக்ஸ்., நாட்ச்பேக். 1979 முதல் 1993 வரை வந்த இந்த முஸ்டாங்குகளை ஃபாக்ஸ் பாடி என்பார்கள், அதில் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் நாட்ச்பேக்தான் லேசானது. டிராக் ஓட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. எந்தப் பாகமும் எங்கும் கிடைக்கும், எந்தக் கேள்விக்கும் யாரோ பதில் சொல்லிவைத்திருப்பார்கள். அதனாலேயே விலை எங்கேயோ போய்விட்டது. எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, கண்ணாடி இரண்டு இல்லை, 9,500 டாலர். அதையும் கொடுத்திருப்பேன். டார்ச் அடித்துப் பின் இருக்கைக்குக் கீழே பார்த்தால் டார்க் பாக்ஸ் கிழிந்திருந்தது.

டார்க் பாக்ஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இந்த வண்டிகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது, மடித்த தகரமே சட்டம். பின் அச்சை நான்கு கைகள் பிடித்திருக்கும், கீழே இரண்டு, மேலே இரண்டு. அந்தக் கைகளின் முன்முனை பாடியில் வந்து சேரும் தகரப் பெட்டிதான் டார்க் பாக்ஸ். பச்சை விளக்கில் கிளட்சை விட்டதும் எஞ்சினின் மொத்த உதையும் சக்கரம் வழியாக வந்து, வண்டியை முன்னால் தள்ளுவது இந்த நான்கு பெட்டிகளின் மேல்தான். ஸ்பாட் வெல்டிங் போட்ட புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, போல்ட் துளை நீள்வட்டமாகிவிடும். அந்த வண்டியில் மேல் பெட்டி இரண்டும் கிழிந்து, அதன் மேல் யாரோ தாறுமாறாக வெல்டிங் வைத்து, அதுவும் மறுபடி விரிசல் விட்டிருந்தது. நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் கூரை இறங்கும் இடத்தில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்படி, ஒரு மெல்லிய சுருக்கம். பாடி முறுக்கிக்கொண்டதற்கு அதுதான் அடையாளம். பழைய ரேஸ் வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது, பெயின்ட் எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் அந்தச் சுருக்கம் மறையாது.

கூட வேலை செய்யும் மதுரைத் தம்பி ஒருவன் அன்றைக்கு என்னோடு வந்திருந்தான். திரும்பி வரும் வழியில் கேட்டான். "அண்ணே, இந்த முஸ்டாங் மட்டுந்தான் இப்படியா, இல்ல இதே தளத்துல வேற வண்டி எதுவும் வந்துச்சா?"

ஆறு மாதத்தில் யாரும் கேட்காத உருப்படியான கேள்வி அதுதான். ஃபாக்ஸ் என்பது முஸ்டாங்கின் பெயரே அல்ல, ஃபோர்டு அந்தத் தளத்துக்கு வைத்த பெயர். அதில் முதலில் வந்தது 1978 மாடல் ஃபேர்மாண்ட், அதுவும் அதன் உடன்பிறப்பான மெர்குரி ஸெஃபிரும். அடுத்த வருடம்தான் முஸ்டாங். ஆக ஃபேர்மாண்ட் முஸ்டாங்குக்கு அண்ணன். முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பின்னால் நான்கு கைகள், எல்லாம் அதே ஏற்பாடு. முஸ்டாங்குக்காக நாற்பது வருடமாகச் செய்து குவித்த ரேஸ் பாகங்களில் பெரும்பாலானவை அப்படியே இதில் ஏறும். சக்கர இடைவெளி மட்டும் முஸ்டாங்குக்கு 100.5 அங்குலம், இதற்கு 105.5. நேர்கோட்டில் ஓட அந்த ஐந்து அங்குலம் நல்லதுதான், நீளமான வண்டி லேசில் தடம் மாறாது. பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது. நம் ஊர் பிரீமியர் பத்மினியை இழுத்துப் பெரிதாக்கியது போல ஒரு சதுரப் பெட்டி. 1983-ல் நிறுத்திவிட்டார்கள், அப்புறம் அதைச் சீண்ட ஆள் இல்லை.

இந்த விளையாட்டின் சரித்திரத்தைப் பார்த்தாலும் அந்தந்தக் காலத்தில் யாரும் சீண்டாத, லேசான, மலிவான வண்டிதான் டிராக் வண்டி ஆகியிருக்கிறது. அறுபதுகளில் கேஸர் வண்டிகள் என்று, பெட்ரோலில் ஓடும் ஒரு வகை டிராக் வண்டி ஓடியது. ஸ்டோன், வுட்ஸ், குக் என்ற மூவர் அணியும், பிக் ஜான் மஸ்மானியனும் 1941 வில்லிஸ் கூப்பேயை வைத்துக்கொண்டுதான் பேர் வாங்கினார்கள். வில்லிஸ் அழகு என்பதற்காக எடுத்ததில்லை. சின்னது, லேசானது, பழைய வண்டி என்று சும்மா கிடந்தது. இன்றைக்கு அதே வில்லிஸை ஃபைபர்கிளாஸில் அச்செடுத்து விற்கிறார்கள். நோவாவும் ஒரு காலத்தில் காய்கறி வாங்கப் போகிற வண்டிதான். இப்போது பட்டி அடித்த நோவா 14,500.

அப்புறம் தேடலை மாற்றினேன். ஃபேர்மாண்ட், இரண்டு கதவு, உப்பு படாத ஊர். எங்கள் ஊர் வழியாகப் போகும் ஐ-75 நெடுஞ்சாலை ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி என்று நேரே தெற்கே இறங்கும். நாக்ஸ்வில் பக்கத்தில் ஒரு வண்டி கிடைத்தது. 1979, இரண்டு கதவு செடான், 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக், வெளிர் பச்சை. ஒரு பாட்டியம்மா ஓட்டியது, அவர் காலமான பிறகு பேரன் விற்கிறார். எஞ்சின் ஓடாது. அதனால்தான் 2,200 டாலர். ஓடினால் 4,000 சொல்லியிருப்பார். எனக்கு அந்த எஞ்சின் வேண்டவே வேண்டாம் என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்நூறு மைல். வாடகை டிரெய்லரை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம், தம்பியும் வந்தான், என் மனைவி எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்து, "பார்த்துப் போங்க, அந்த வண்டிய வீட்டு முன்னாடி நிறுத்தாதீங்க, அசோசியேஷன்லருந்து லெட்டர் வரும்" என்று வழியனுப்பினார். போகிற வழியில் ஒரு டிரக் ஸ்டாப்பில் டேங்க்கை நிரப்பி, காலி டிரெய்லரோடு எடைமேடையில் ஏறி ரசீது வாங்கிவைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அதேபோல் நிரப்பி மறுபடி ஏறினால் வித்தியாசம்தான் வண்டியின் எடை. பாதி வழியில் யோசனை வந்தாலும் வராது, கிளம்பும்போதே செய்துவிட வேண்டும்.

வண்டி ஒரு மர ஷெட்டுக்குள் இருந்தது. இடது பக்கம் சுவரை ஒட்டி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த வரிசை இது. முதலில் மிதியடி விரிப்பைத் தூக்கிவிட்டு, வெளியே கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் உள்ள சல்லடைத் துவாரத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றினேன். ஃபயர்வாலுக்கு மேல் இருக்கும் அந்த அறை துருப்பிடித்திருந்தால் தண்ணீர் உள்ளே கால் வைக்கும் இடத்தில் சொட்டும், அதைச் சரி செய்வது நரகம், டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். தம்பி உள்ளே குனிந்து டார்ச்சோடு காத்திருந்தான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். "காஞ்சு கெடக்குண்ணே." தண்ணீர் முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் ஓடியது, ஓட வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து ஜாக். கதவுக்குக் கீழே ஓடும் மடிப்பில் வைத்துத் தூக்கினால் நல்ல தகரம் என்றால் வண்டி எழும், மட்டமான தகரம் என்றால் கறக் கறக் என்று மடிப்பு நசுங்கும். எழுந்தது. முன்னால் ஸ்ட்ரட் (முன் சக்கரத்தின் ஷாக் அப்சார்பர்) வந்து சேரும் இரண்டு கோபுரங்கள், பேட்டரித் தட்டுக்கு அடியில் உள்ள தகரம் (அமிலம் சொட்டிச் சொட்டி அங்கே ஓட்டை விழுவது சகஜம்), டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, எல்லா இடத்திலும் காந்தம் ஒட்டியது, ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை. குழியில் மட்டும் மேலோட்டமான செந்துரு, கையால் துடைத்தால் வந்துவிட்டது. கதவு இடுக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. டேப்பைப் பிடித்து முன் இடது கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டிலிருந்து பின் வலது கை போல்ட் வரைக்கும், அப்புறம் அதற்கு மறுபக்கம் என்று குறுக்காக அளந்தோம், வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் கீழே. எங்கேயும் மோதாத வண்டி.

கடைசியாக அட்டைச் சக்கரம். பழைய டிவி பெட்டியை 28 அங்குல வட்டமாக இரண்டு வெட்டி, நடுவே 10 அங்குல மரக்கட்டைகள் வைத்து ஒட்டி ஒரு பொய்ச் சக்கரம் செய்து கொண்டுபோயிருந்தேன். நான் போட நினைத்த 275/60-15 டிராக் ரேடியல் டயரின் வெளி விட்டம் கிட்டத்தட்ட அவ்வளவு. வலது பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதை உள்ளே நுழைத்தேன், மேலே இடம் இருந்தது, வெளி உதட்டின் மடிப்பில் மட்டும் உரசியது. அந்த மடிப்பைச் சுத்தியால் உள்ளே படுக்கவைத்துவிடலாம், தளத்தை வெட்ட வேண்டியதில்லை. பேரன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். வண்டி பார்க்க அட்டைப்பெட்டியோடு வந்த ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) இருந்த எண்ணும் டேஷ்போர்டின் மேலிருந்த தகட்டு எண்ணும் ஒன்றா என்று இரண்டு முறை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ரேஸ் வண்டிக்குத்தானே, டைட்டில் எதற்கு என்று விடக் கூடாது. நாளைக்கு விற்க வேண்டும் என்றால் காகிதம் இல்லாத பாடி பழைய இரும்புதான். 2,200 சொன்னதை 1,900-க்கு முடித்தோம்.

எடைமேடை ரசீது: 2,740 பவுண்டு. ஆறு சிலிண்டர் எஞ்சின், இருக்கைகள், ஹீட்டர், பாட்டியம்மாவின் டிக்கியில் கிடந்த இரண்டு மடக்கு நாற்காலி, எல்லாம் சேர்த்து. தம்பி ரசீதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நாற்காலியக் கழிச்சுக்கங்க" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை எழுதாமல் விட்டால் நான் பெரிய கில்லாடி என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டாம் வாரம். கார்ப்பெட், இருக்கைகள், ஆறு சிலிண்டர் எல்லாம் வெளியே. அடியில் கறுப்பாக அண்டர்கோட்டிங் தார் தடவியிருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டே வலது பக்கம் முடித்து இடது பக்கம் வந்தேன். இடது பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், கீழ் டார்க் பாக்ஸில் ஸ்க்ரேப்பர் சுரண்டவில்லை. உள்ளே போனது. தார் தோல் மட்டும்தான் அங்கே இருந்தது, அதற்குப் பின்னால் தகரம் இல்லை. விரலை விட்டால் உள்ளே ஈரமான மண்ணும், எலி கொண்டுவந்து வைத்த ஏதோ விதைகளும். ஷெட் சுவரை ஒட்டி நின்ற பக்கம். கூரை அங்கே ஒழுகி, வருடக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் தங்கியிருக்கிறது. வண்டியைத் தள்ளி வெளியே கொண்டுவந்து பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேரன் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? ஐந்நூறு மைல் வந்த அவசரம், மழை வேறு தூறியது, வலது பக்கம் நன்றாக இருந்தால் இடதும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெரியப்பா இருந்திருந்தால் முட்டியால் வண்டியைத் தட்டியிருக்க மாட்டார், என் மண்டையைத் தட்டியிருப்பார்.

உள்ளங்கை அகல ஓட்டைதான், கைகள் வந்து சேரும் போல்ட் துளையைச் சுற்றிய தகரம் நல்லவேளை தப்பியிருந்தது. அதனால் வண்டியைத் தூக்கிப் போட வேண்டிய நிலை வரவில்லை. முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க்கை இறக்கிக் கராஜுக்கு வெளியே தோட்ட மூலையில் கொண்டுபோய் வைத்தேன், பெட்ரோல் குழாயையும் அந்தப் பக்கம் முழுக்கக் கழற்றினேன். இதைச் செய்யாமல் வண்டியின் பின்பாதியில் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைக்கிறவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் துருப்பிடித்ததைத் தாண்டி, தகரம் வெள்ளிபோல் மின்னும் இடம் வரை கிரைண்டரால் வெட்டினேன். ஓட்டை உள்ளங்கையிலிருந்து இரண்டு கை அகலத்துக்கு வளர்ந்தது, எப்போதும் அப்படித்தான். கம்பெனித் தகரத்தைவிடச் சற்று தடித்த ஷீட்டில், முதலில் அட்டையில் வடிவம் வெட்டி, அதைப் பார்த்துத் தகரத்தை வெட்டி, வைஸில் வைத்து மடித்து மூன்று துண்டுகளாகச் செய்தேன். மிக் வெல்டரில் ஒரே கோடாக இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, நடுநடுவே ஆறவிட்டு. ஒரே மூச்சில் இழுத்தால் சூட்டில் தகரம் கோணிவிடும். உள்ளே பின் இருக்கை இருந்த இடத்தில் என் மகள் முகமூடியோடு தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. "அப்பா, இதுக்கு சம்பளம் உண்டா?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்டாள்.

அதை முடித்ததும், முஸ்டாங்குக்கு விற்கும் டார்க் பாக்ஸ் வலுத்தகடுகளை வாங்கி நான்கு பெட்டிகளுக்கும் வைத்தேன். மேல் தகடுகள் அப்படியே உட்கார்ந்தன, கீழ்த் தகடுகளில் என் ஒட்டுவேலை பட்ட பக்கத்தை மட்டும் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. முன் சட்டத்தையும் பின் சட்டத்தையும் இணைக்கும் சப்ஃபிரேம் கனெக்டர் மட்டும் முஸ்டாங் அளவு எட்டவில்லை, அந்த ஐந்து அங்குலம். இரண்டுக்கு மூன்று அங்குலச் செவ்வகக் குழாய் வாங்கி நானே வெட்டிப் போட்டேன். இதை வெல்டிங் செய்யும்போது வண்டியைப் பாடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தக் கூடாது. அச்சின் மேல், அதன் சொந்த எடையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தொங்கின கோணலிலேயே பாடி நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். நான் நான்கு சக்கரத்துக்கும் அடியில் மரக்கட்டை மேடை போட்டு உயர்த்திக்கொண்டு, அதற்கடியில் படுத்து வேலை செய்தேன். கழுத்து இன்னும் வலிக்கிறது.

இந்த வண்டியோடு வந்த சின்ன அச்சு வி8-ஐப் பார்த்தாலே பொடியாகிவிடும். அதற்குப் பதில் முஸ்டாங்கின் 8.8 அங்குல அச்சு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்னும் பலம், ஆக்ஸில் முனையில் 28 பல்லுக்குப் பதில் 31 பல், ஆனால் அது லீஃப் ஸ்பிரிங் வண்டியின் அச்சு, நான்கு கைகளுக்கான பிராக்கெட் எல்லாவற்றையும் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். இப்போதைக்கு எனக்கு வெல்டிங் போதும்.

பாடிக்கு மட்டும் இதுவரை செலவு: வண்டி 1,900, டிரெய்லரும் பெட்ரோலும் 410, தகடு, குழாய், வெல்டிங் கம்பி, கேஸ் எல்லாம் சேர்த்து 560, பழைய ஆறு சிலிண்டரை ஒருவர் 150-க்கு எடுத்துப் போனார். அந்தக் கிழிந்த முஸ்டாங்கின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. உழைப்புக்குக் கணக்கு போடவில்லை, போட்டால் மனைவி பார்த்துவிடுவார்.

கனெக்டர் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்த்திருந்தேன். பின் வலது மூலையை மட்டும் ஜாக்கில் தூக்கி, சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு வலது கதவைத் திறந்து மூடினால், கதவு மேலே போய்த் தாழ்ப்பாளில் இடித்து நின்றது. பாடி அவ்வளவு நெளிந்தது. நேற்று இரவு எல்லாம் ஆறிய பிறகு மறுபடி அதே மூலையில் ஜாக்கை வைத்தேன். பின் சக்கரத்தோடு முன் சக்கரமும் சேர்ந்தே தரையை விட்டு எழுந்தது. மகளைக் கூப்பிட்டுக் கதவை மூடச் சொன்னேன். ஒரு விரலால் தள்ளினாள். க்ளக்.

"இன்னொரு தரம் மூடு" என்றேன்.